குமட்டல் அளவுகோல்: டிரேக் கடல்வழியில் ஒரு கள ஆய்வு

கடற்காற்றின் சீற்றத்தை அளக்க உலகம் இன்றும் கையாளும் கோல் பியூஃபோர்ட்டினுடையது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியான பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் அதை வகுத்தபோது காற்றின் வேகத்தை அவர் அளக்கவே இல்லை. போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரித்துத் தாக்குப்பிடிக்கிறது என்று மட்டும் பார்த்தார். எந்தப் பாயும் தாங்காது என்றால் அது 12. காற்றைப் பார்க்காதே, அது படுத்தும் பாட்டைப் பார் என்பதே அவர் கண்ட நெறி. அண்டார்டிகா போகும் இன்றைய கப்பலில் விரிக்கப் பாய் கிடையாது. பாயில் விழுந்த பயணிகள் உண்டு. அவர்களை வைத்தே கடலை அளக்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முன்னாய்வுகள் உண்டா என்றால், கிட்டத்தட்ட உண்டு. பியூஃபோர்ட்டின் அளவுகோல் முதன்முதலாக அதிகாரபூர்வமாகப் பயன்பட்டது 1831இல் புறப்பட்ட பீகிள் கப்பலில். அதே கப்பலில்தான் சார்ல்ஸ் டார்வின் தூளியில் சுருண்டு கிடந்தார். உலர்ந்த திராட்சை தவிர வேறெதுவும் வயிற்றில் நிற்கவில்லை. பயணம் முடியும்வரை கடல்நோயும் விடவில்லை. அளவுகோலும் நோயாளியும் ஒரே கப்பலில் இருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வாளன் அர்ஜென்டினாவின் உசுவையாவில் கப்பலேறினான். துறைமுகம் அமைந்திருப்பதும் பீகிளின் பெயரைத் தாங்கிய கால்வாயின் கரையில்தான். சகுனம் நன்றாகவே இருந்தது.

களம் பற்றி ஒரு சொல். கேப் ஹார்ன் முனைக்கும் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் இடையே சுமார் 800 கிலோமீட்டர். கடக்க இரண்டு நாள். இந்த அட்சரேகையில் உலகை முழுச் சுற்று வந்தாலும் குறுக்கே நிலமே இல்லை. தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பது இங்கு அடிக்கும் மேல்காற்றுக்கு அப்படியே பொருந்தும். பெயர் கொடுத்த டிரேக்கோ 1578இல் மாகெல்லன் நீரிணை வழியாகப் பசிபிக் போய்ச் சேர்ந்தவர். புயல் அவரைத் தெற்கே தள்ளியது, அவ்வளவுதான். இதைக் கடந்தவர் அல்லர். புத்திசாலி.

கப்பல் ஊழியர்களிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் உண்டு. அமைதியாக இருந்தால் ‘டிரேக் லேக்’, ஆடினால் ‘டிரேக் ஷேக்’. இரண்டே படி. அறிவியலுக்கு இது போதாது.

இவ்வாய்வாளன் வகுத்த படிகளில் சுழியம் என்பது எல்லோரும் மேல்தளத்தில் நின்று ஆல்பட்ராஸ் பறவையைப் படமெடுக்கும் நிலை. மூன்றரை மீட்டர் வரை சிறகு விரியும் அந்தப் பறவை, இறக்கையை அசைக்காமலே கப்பலைச் சுற்றி வந்து, நம் வேதனைகள் எதுவும் தனக்கில்லை என்று காட்டிவிட்டுப் போகும். காபியைப் பாதிக் கோப்பை மட்டும் ஊற்றிக்கொண்டால் படி ஒன்று. பேசிக்கொண்டிருப்பவர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, எதையோ உள்ளுக்குள் விசாரிப்பதுபோல் பார்த்தால் படி இரண்டு. தட்டுகள் வழுக்காதிருக்கப் பரிசாரகர் மேசை விரிப்பில் தண்ணீர் தெளித்தால் மூன்று.

நான்காம் படியை விரித்துரைக்க வேண்டும். அதுவே பை. நடைவழிக் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே, கைக்கெட்டும் தூரத்துக்கு ஒன்றாக, வெள்ளைக் காகிதப் பைகளைச் செருகி வைக்கிறார்கள். கல்யாண வீட்டு மாவிலைத் தோரணம் கெட்டது, அத்தனை வரிசை. கவனிக்க வேண்டியது, பை அலைக்கு முன்பே வந்துவிடுகிறது. கடல் தாம்பாளம்போல் கிடக்கும்போது ஊழியர் ஒருவர் சீட்டியடித்தபடி பை செருகிக்கொண்டு போனால், அதைவிட நம்பகமான வானிலை அறிக்கை கிடையாது. காலையில் எத்தனை பை குறைந்திருக்கிறது என்று எண்ணுவதே ஆய்வின் முதன்மைத் தரவு. முறையில் ஒரு குறையும் உண்டு: சிலர் பையை முன்னெச்சரிக்கையாக எடுத்து, வரவேற்பறையில் வைத்திருக்கும் பச்சை ஆப்பிளை அதில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

நோயின் காரணம் எளிது. உட்செவியின் அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய உறுப்புகளும் ‘ஆடுகிறோம்’ என்கின்றன. கேபின் சுவரைப் பார்க்கும் கண் ‘இல்லவே இல்லை’ என்கிறது. சாட்சிகள் இருவர் முரண்பட, தண்டனை மட்டும் சம்பவ இடத்திலேயே இல்லாத வயிற்றுக்கு. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் தான் ஒருமுறைகூட வாந்தியெடுத்ததில்லை என்று இவ்வாய்வாளன் முதல்நாள் இரவு விருந்தில் சொன்னது உண்மை. அங்கே ஜன்னல் இருந்தது.

மருந்து, காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் வில்லை. ஒட்டிவிட்டுக் கையைக் கழுவு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கழுவாமல் கண்ணைக் கசக்கியதில் வலது கண்ணின் பாவை மட்டும் கறுப்புச் சட்டைப் பொத்தான் அளவுக்கு விரிந்துவிட்டது. கப்பல் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகுதான் ஆறுதல் சொன்னார். அதற்குமேல் எழுதிய குறிப்புகள் எழுதியவனுக்கே புரியவில்லை. ‘படி 5, பாட்டில்’ என்பது வரை படிக்க முடிகிறது. கட்டிலுக்கடியில் உருண்ட தண்ணீர் பாட்டில் சுவரில் இடிக்கும் இரண்டு சத்தங்களுக்கு இடையே நொடிகளை எண்ணியது நினைவிருக்கிறது. எண்ணிக்கை நினைவில்லை.

ஆக, ஆறாம் படி முதல் தரவு இல்லாமல் போயிருக்கும். ஆய்வாளனின் மனைவிக்கு ஒன்றுமே ஆகவில்லை. உயிர்காப்பு அங்கியை மெத்தையின் வெளிப்புற விளிம்புக்கு அடியில் செருகினால் மெத்தை சரிந்து, ஆளைச் சுவரோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளும் என்ற உத்தியைக் கேட்டு வந்து, கணவனைப் பொட்டலம் கட்டியதுபோல் கிடத்தியவர் அவரே. “ஏங்க, இந்த நோட்டுல நான் எழுதி வைக்கட்டுமா?” என்று கேட்டதற்குக் கிடைத்த முனகலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையெழுத்தில் உள்ளதை மாற்றாமல் தருகிறேன்.

“படி 6: சாப்பாட்டுக் கூடத்தில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். நாற்காலிகளைச் சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள். படி 7: இவர் கப்பலைத் திருப்பச் சொல்கிறார். யாரிடம் சொல்வது என்று கேட்டேன், பதில் இல்லை. படி 8: பூசணிக்காய் சூப். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.”