அயனிச் சட்டத்துக்குள் ஒரு காண்டாமிருகம்

பத்மநாபபுரம் கோட்டைக்குள் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் வீட்டுப் பூமுகத்தில், கண்ணாடி போட்ட அயனி மரச் சட்டத்துக்குள், ஒரு காண்டாமிருகம் நிற்கிறது. உடம்பெல்லாம் இரும்புக் கவசம் பூட்டியது போலத் தகடு தகடாக மடிப்பு, கால்களில் மீன் செதில், மூக்கில் ஒரு கொம்பு. அது போதாதென்று பிடரியில் திருகாணி மாதிரி இன்னொரு குட்டிக் கொம்பு. மூலையில் 1515 என்று ஆண்டு போட்டிருக்கிறது.

கேட்டவர்களுக்கெல்லாம் வாத்தியார் ஒரே பதில் சொல்வார்: “டிலனாய் எங்க காரணவருக்குக் குடுத்தது.”

1741-ல் குளச்சலில் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய். பிற்பாடு அதே ராஜாவின் படையைப் பழக்கி, பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானவர். இந்த வட்டாரத்தில் பூர்வீகம் தெரியாத பொருள் எதுவானாலும் ஒன்று அரண்மனையிலிருந்து வந்திருக்கும், அல்லது டிலனாய் கொடுத்திருப்பார். மனிதர் போர் செய்த நேரம் போகப் பாக்கி நேரமெல்லாம் தானம்தான் செய்திருக்க வேண்டும்.

படத்தின் மூலக்கதை இதைவிட விசித்திரம். குஜராத் சுல்தான் போர்த்துக்கீசியருக்குக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கப்பலேறி, 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. ஐரோப்பா அப்படியொரு மிருகத்தை நேரில் பார்த்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாரோ எழுதிய கடிதமும் ஒரு கிறுக்கல் படமும் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக்குப் போய்ச் சேர, ஆல்பிரெக்ட் டூரர் மிருகத்தைக் கண்ணால் காணாமலே வரைந்து, மரக்கட்டையில் செதுக்கவைத்து, அச்சடித்து விற்றார். பிடரிக் கொம்பு அவர் போட்ட உபரி. மிருகமோ போப்பாண்டவருக்குப் பரிசாகப் போகும் வழியில், 1516 தொடக்கத்தில், இத்தாலிக் கரையோரம் கப்பலோடு முழுகிப்போனது. டூரர் இறந்து நூறு வருஷம் நெருங்கும்போது டச்சுக்காரர்கள் அதே கட்டையை வாங்கி மறுபடி அச்சடித்தார்கள். கட்டையில் விழுந்திருந்த விரிசலும் சேர்ந்தே அச்சானது. ஆக, வாத்தியாரின் டச்சுக் கதையில் ஒரு நூலிழை நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அந்த நூலிழை கயிறானது, 2013-ல் நியூயார்க் ஏலத்தில் இதன் பழைய பிரதி ஒன்று 8,66,500 டாலருக்குப் போன செய்தி கண்ணில் பட்டபோது. அன்றைய கணக்கில் நாலரைக் கோடி ரூபாயைத் தாண்டும். வாத்தியாருக்குத் தூக்கம் போயிற்று. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை நாட்டைவிட்டு அனுப்பவிடாத 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதையும் எங்கோ படித்துவிட்டார். மீதித் தூக்கமும் போயிற்று.

மதிப்புப் போட ஆள் வெளியே தேடவேண்டியிருக்கவில்லை. மருமகன் நாகர்கோவிலில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தீயலும் அவியலுமாகச் சாப்பாடு போட்டு, கை காயுமுன்னே படத்தை இறக்கி மேசைமேல் வைத்தார் மாமனார்.

“பாருங்க மாப்பிள்ளே. இதுக்க வெல என்ன வரும்?”

மருமகன் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் குனிந்தார். மரக்கட்டை அச்சு என்றால் கோடு ஒவ்வொன்றும் முழுக் கறுப்பாக இருக்கும். அழுத்திய தடம் தாளின் முதுகில் விரலுக்குத் தட்டுப்படும். இங்கே தெரிந்ததோ நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று புள்ளிகள், பூப்பூவாக. அவர் தினமும் கல்யாணப் பத்திரிகையில் பார்க்கிற அதே பூ. பழுப்பேறின கறையும் புள்ளி. பூச்சி அரித்த ஓட்டை போலத் தெரிந்ததும் புள்ளிதான், ஓட்டையையும் அச்சடித்திருந்தார்கள்! பின்பலகையைக் கழற்றி, கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கைத் தாளின்மேல் காட்டினார். தாள் நீலவெள்ளையாகப் பளீரென்றது. அந்தப் பளபளப்புக்கான ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பாடுதான் காகிதத்தில் பரவலாகச் சேர்ந்தது.

பெண் கொடுத்த மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது? சமையலறை வாசலில் மனைவி வேறு முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“மாமா, சட்டம் நல்ல சட்டம்,” என்றார் மெதுவாக.

வாத்தியார் முகம் வாடியது. “எனக்குத் தெரியும் மாப்பிள்ளே, 1972. வெளிநாட்டுக்கு அனுப்ப விடமாட்டான்.”

“அந்தச் சட்டம் இல்ல மாமா. இந்தச் சட்டம். அயனி.”

அடுத்த வாரம் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். சட்டத்துக்கு இரண்டாயிரம் தருவதாகவும், படத்தை வாத்தியாரே வைத்துக்கொள்ளலாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார். வாத்தியார் கொடுக்கவில்லை. காண்டாமிருகம் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. யாராவது கேட்டால், சட்டம் டிலனாய் கொடுத்தது என்கிறார்.