ஃபெண்டர் ரேடியோஸ், மாரமங்கலம்

மின்சாரக் கிடாரும் ஆம்பும் செய்து பேர் வாங்கிய லியோ ஃபெண்டருக்குக் கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது. ஆள் கணக்குப்பிள்ளை. 1930-களின் பெருமந்தத்தில் வேலை போனதும் 600 டாலர் கடன் வாங்கி, 1938-ல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். 'ஃபெண்டர்ஸ் ரேடியோ சர்வீஸ்' என்று பெயர். ரேடியோவைப் பிரித்துக் கோத்த நேரம் போக மைக் செட் செய்தார். விற்றார், விசேஷங்களுக்கு வாடகைக்கும் விட்டார். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கிடார் உலகம் கொஞ்சம் அமுக்கியே வாசிக்கும். மேதை என்பார்கள், பிதாமகர் என்பார்கள், மைக் செட்காரர் என்று சொல்ல மட்டும் வாய் வராது. மனுஷர் சேலம் ஜில்லாவில் பிறந்திருந்தால் ஒரு டெம்போ, நாலு குழாய் ஸ்பீக்கர், ரெண்டு கட்டு சீரியல் லைட், 'லியோ ரேடியோஸ், சுபகாரியங்களுக்கு ஒலி ஒளி அமைத்துத் தரப்படும்' என்று செட்டில் ஆகியிருப்பார். ஒன்றும் குறைந்துபோயிருக்காது.

இதை இப்போது கிளறக் காரணம் ஒரு பழைய வழக்கு. எல்லா வேலைக்கும் ஒரே ஆம்ப், அதாவது கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, என்றால் எந்தக் கம்பெனியுடையதை வைத்துக்கொள்வது? ஃபெண்டரா, வாக்ஸா, மார்ஷலா? கிடார்க்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும், டீ ஆறிவிடும். சம்பந்திச் சண்டைகூடப் பேரன் பிறந்தால் அடங்கும். இது அறுபது வருஷமாக அடங்கவில்லை. வாதியும் பிரதிவாதியும் நீதிபதியும் கிடார்க்காரர்களாகவே இருப்பதுதான் கோளாறு என்பது என் அபிப்பிராயம். ஆகவே வழக்கை மலைக்கு மாற்றுகிறேன்.

மாரமங்கலம் ஏற்காடு வட்டத்தில், சேர்வராயன் மலையில் இருக்கிறது. காப்பி, நிழலுக்கு சில்வர் ஓக், அதன்மேல் படர்ந்த மிளகு என்பது இந்த மலையின் அடையாளம். காப்பியைக் கொண்டுவந்தது 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. அவர் காலத்தில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. துரைக்கு அது தேவைப்படவும் இல்லை. கலெக்டர் முணுமுணுத்தாலே மலையடிவாரம் வரை கேட்கும். நமக்குத்தான் சத்தம் போட உபகரணம் தேவையாயிற்று.

இந்த ஊரில் ஒரு திருவிழாக் கமிட்டி உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கமிட்டிக்கு 'டோன்' பற்றிக் கவலையில்லை. அவர்கள் கேட்பதெல்லாம் இதுதான். விடிகாலையில் பக்திப் பாட்டு போட வேண்டும். முன்பு நாலரை மணிக்கு, 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்ததிலிருந்து சட்டப்படி ஆறு மணிக்கு. நன்கொடை கொடுத்தவர் பெயர்களை ரூபாயோடு வாசிக்க வேண்டும்; ஒரு பெயர் சரியாகக் கேட்காவிட்டாலும் அடுத்த வருஷம் அந்த வீட்டில் பணம் பெயராது. மஞ்சள் சட்டை போட்ட குழந்தை பந்தலில் அழுதுகொண்டிருப்பதைத் தோட்டத்துக் கடைசி வரிசையில் நிற்கிற தகப்பனுக்குத் தெரிவிக்க வேண்டும். ராத்திரி சேலத்திலிருந்து வரும் மெல்லிசைக் குழுவையும் அதே பெட்டி தாங்க வேண்டும். ஏற்காடு வழியாக வந்தால் 20 கொண்டை ஊசி வளைவு. பெட்டி உயிரோடு வந்து சேர வேண்டும். பனி, லோ வோல்டேஜ் எல்லாம் உபரி. 'ஆல்ரவுண்டர்' என்றால் இதுவல்லவா ஆல்ரவுண்டர்?

முதல் சாட்சி கிடாரே. 1930-களில் பித்தளை ஊதுகிற ஜாஸ் குழுக்களுக்கு நடுவில் கிடார்க்காரன் இருப்பது சம்பளப் பட்டுவாடா அன்றுதான் தெரியும். 1932-ல் ரிக்கன்பேக்கர் கம்பெனி மின்சாரக் கிடார் ஒன்றை விற்பனைக்கு விட்டது. மடியில் கிடத்தி வாசிக்கிற ஹவாய் ரகம். வட்ட உடம்பு, நீளக் கைப்பிடி, பட்டப்பெயர் 'வாணலி'. கூடவே ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிதான் ஆம்பின் பாட்டனார்.

இனி ஃபெண்டர். 1951-ல் அவர் மின்சார பேஸ் கிடார் செய்தார். அதற்கென்று 1952-ல் 'பேஸ்மேன்' என்று ஒரு ஆம்ப். பெயரிலேயே யாருக்கு என்று எழுதி ஒட்டியாயிற்று. ஆனால் கிடார்க்காரர்கள் போர்டு படிக்கிற ஜாதியில்லை. அதிலேயே கொண்டுபோய்ச் செருகினார்கள். 1959 வாக்கில் பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு வைத்து வந்த பேஸ்மேன் சாதாரணக் கிடாருக்குத்தான் பேர் வாங்கிற்று. 1963-ல் வந்த 'ட்வின் ரிவெர்ப்' இன்னும் மரியாதைப்பட்ட பிள்ளை: 85 வாட், எவ்வளவு முறுக்கினாலும் சுத்தமாகப் பேசும். எடை சுமார் 29 கிலோ. பெயர்ப் பட்டியல் வாசிக்க நல்ல பெட்டி என்று கமிட்டி பொருளாளர் தலையாட்டினார். தூக்குகிறவர் ஆட்டவில்லை.

கடல் தாண்டி இங்கிலாந்தில் ஜிம் மார்ஷல் டிரம்ஸ் வாத்தியார். லண்டனுக்கு மேற்கே ஹேன்வெல்லில் வாத்தியக் கடை வைத்திருந்தார். பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் மாதிரிக் கிடார்ப் பையன்கள் வந்து அமெரிக்க ஆம்ப் கட்டுபடியாகவில்லை, நீங்களே ஒன்று செய்துகொடுங்கள் என்று நச்சரித்தார்கள். அவர் என்ன செய்தார்? ஒரு ஃபெண்டர் பேஸ்மேனைத் திறந்துவைத்துக்கொண்டு, கடை மெக்கானிக் கென் பிரானையும் டட்லி கிரேவன் என்ற இளைஞரையும் உட்காரவைத்து, கிடைத்த இங்கிலீஷ் சாமான்களைப் போட்டு 1962-ல் அதையே திரும்பச் செய்தார். ராக் இசையின் இடிமுழக்கம் என்று நாம் கும்பிடுவது, மைக் செட்காரர் பேஸ் கிடாருக்குச் செய்த பெட்டியை டிரம்ஸ்காரர் நகலெடுத்தது. இரண்டு பேரில் ஒருவர்கூடக் கிடார்க்காரர் இல்லை என்பதைக் கமிட்டி குறித்துக்கொண்டது.

டவுன்ஷெண்டுக்கு அதுவும் போதவில்லை. ஒரே பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர் எட்டு வேண்டும் என்றார். செய்துகொடுத்தார்கள். சுமந்த கூலிக்காரர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். பெட்டியைப் பாதியாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அதுதான் பிற்காலத்தில் மேடைதோறும் சுவர்போல் எழும்பிய 'மார்ஷல் ஸ்டாக்'. அழகியல், தத்துவம் ஒன்றும் கிடையாது, இடுப்புவலி. எரிக் கிளாப்டன் எதிர்க்கட்சி: கார் டிக்கியில் அடங்குகிற மாதிரி ஒன்று கேட்டார் என்று கதை. கமிட்டிக்கு அவரைப் பிடித்துவிட்டது. மலை ஏறத் தெரிந்த பிள்ளை.

வாக்ஸ் ஏசி30 வந்த கதையில் கூச்சல்தான் கதாநாயகன். டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸின் கம்பெனியில் டிக் டென்னி வடிவமைத்த 15 வாட் பெட்டி ரொம்ப நன்றாகத்தான் இருந்தது. 'ஷேடோஸ்' குழுவின் ரசிகைகள் போட்ட சத்தத்தில் அது கேட்கவில்லை. இரட்டித்து 30 ஆக்கினார்கள். பீட்டில்ஸ் வந்தபோது 30-ம் போதாமல் 100 வாட் பெட்டி தனியாகச் செய்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு 1965 ஆகஸ்ட் 15 அன்று, அதாவது நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மைக் செட் கட்டிக் கொடியேற்றிய அதே தேதியில், நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,600 பேர் முன்னால் ஏறினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. பாடியது போனது எதன் வழியாக? பேஸ்பால் ஆட்டத்துக்கு அறிவிப்புச் செய்கிற ஸ்டேடியம் ஒலிபெருக்கி வழியாக. உலகத்தின் மிகப் பெரிய குழு கடைசியில் சரணடைந்தது மைக் செட்டிடம்தான்.

ஏசி30-க்கு ஒரு சலுகை உண்டு. உள்ளே நாலு இஎல்84 வால்வு, கொதிக்கும். டிசம்பரில் ஏற்காட்டுக் குளிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில், வந்திறங்கிய பெட்டிகளை எட்டிப் பார்த்த கமிட்டித் தலைவருக்கு ஒரு சந்தேகம். "ஏங்க தம்பி, கிழிஞ்ச ஸ்பீக்கரெல்லாம் எதுக்கு மேலே கொண்டாந்திருக்காங்க?"

அவருக்கு வரலாறு சொல்லித்தான் ஆக வேண்டும். 1951-ல் ஐக் டர்னர் குழு 'ராக்கெட் 88' பாட்டைப் பதிய மெம்ஃபிஸ் போனது. வழியில் ஆம்ப் கீழே விழுந்ததாம், இல்லை மழையில் நனைந்ததாம். கதை பல விதம், ஸ்பீக்கர் போனது நிஜம். ஸ்டுடியோக்காரர் சாம் ஃபிலிப்ஸ் காகிதத்தைக் கசக்கி உள்ளே திணித்துப் பதிந்துவிட்டார். கரகரவென்று வந்தது, சரித்திரம் ஆயிற்று. 1958-ல் கிடார்க்காரர் லிங்க் ரே அந்தக் கரகரப்புக்காக ஸ்பீக்கரில் பென்சிலால் குத்தினார். 'ரம்பிள்' என்ற அந்த உருப்படியில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது, ஆனாலும் சில ரேடியோ நிலையங்கள் அதைத் தடை செய்தன. பென்சிலுக்கே பயந்தார்கள். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ், வயது 17, சவர பிளேடை எடுத்து ஸ்பீக்கரைக் கீறியே விட்டார். இந்த மூன்று பேருக்கும் அங்கே சிலை வைக்காத குறை. இங்கே அதே காரியத்தைச் செய்திருந்தால் மைக் செட் ஓனர் அட்வான்ஸையும் பிடித்துக்கொண்டு, டெம்போ வாடகையையும் தலையில் கட்டியிருப்பார். நம் நாட்டில் ராக் இசை பிறக்காததற்கு வேறு சமூகக் காரணங்கள் தேட வேண்டியதில்லை.

கிடார்க்காரர் எடி வான் ஹேலன் விவகாரம் இதைவிட ருசி. 1978-ல் முதல் தொகுப்பு வந்தபோது அந்த மார்ஷல் சத்தத்தைக் கேட்டு உலகம் வாய்பிளந்தது. ரகசியம் கேட்டவர்களிடம் வோல்டேஜைக் கூட்டினேன் என்று கதைவிட்டார். நம்பிப் பெட்டியைக் கருக்கினவர்கள் உண்டு. உண்மையில் வேரியாக் என்ற கருவியை இடையில் வைத்து, 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 90 வாக்கில் குறைத்திருந்தார். வால்வு திணறும், திணறலில் ஒரு கனிவு வரும். இதே விகிதத்தில் நம் 230-ஐக் குறைத்தால் 170 சொச்சம். மலைக்கிராமத்தில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் பல்பு போட்டதும் வருகிற கரண்டு எவ்வளவு என்று அங்கே வாழ்க்கைப்பட்டவர்களைக் கேளுங்கள். வேரியாக் இல்லை, செலவில்லை; கம்பியிலேயே வான் ஹேலன் வந்துகொண்டிருந்தார். நாம்தான் ஸ்டெபிலைசர் வாங்கி வைத்து அவரைத் துரத்திவிட்டோம்.

ரோலண்ட் ஜேசி-120 வந்தது 1975-ல், ஜப்பானிலிருந்து. வால்வு கிடையாது, டிரான்சிஸ்டர். 60 வாட்டாக இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. விழாது, கெடாது, எதைக் கொடுத்தாலும் அப்படியே திருப்பித் தரும். கமிட்டி மனதார ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் இதை ஒருவரும் கனவு காண்பதில்லை. சொன்ன பேச்சு கேட்கிற பெட்டிமேல் காதல் வராது போலிருக்கிறது.

நம் பக்கத்துச் சரித்திரம் குறைந்ததல்ல. சுதந்திரத்துக்கு முன்பே நானிக் மோட்வானேயின் 'சிகாகோ ரேடியோ' காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டிற்று. பழைய படங்களில் காந்திக்கும் நேருவுக்கும் முன்னால் இருக்கிற மைக்கில் அந்தப் பெயர் தெரியும். விஷயம் தெரியாதவர்கள் மகாத்மா அமெரிக்காவுக்குப் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்தால் தப்பில்லை. அப்புறம் அஹுஜா. தமிழ்நாட்டில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் மேஜைக்கடியில் சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருந்த பெட்டி. அந்தக் காலத்தில் வெளிநாட்டு ஆம்ப் என்றால் லைசென்ஸ், சுங்கம் எல்லாம் தாண்டி வர வேண்டும். 1970-லும் 71-லும் ஒரு சிகரெட் பெயரில் நடந்த சிம்லா பீட் இசைப் போட்டிக்கு நீள முடியோடு கிளம்பிய பையன்களுக்கும், அப்பா பார்க்காத நேரத்தில் முதுகைத் திறக்கிற வால்வு ரேடியோதான் பாடசாலை. லியோ ஃபெண்டர் ஆரம்பித்த அதே பாடசாலை.

சபாக்களில் நடந்தது தனிக் கூத்து. எண்பதுகளில் சின்னப் பையனாக உ. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினோடு வந்து உட்கார்ந்தபோது, கரண்டில் வாசிக்கிறது கர்னாடக சங்கீதமா என்று சில பெரியவர்கள் மைக்கில் கேட்டார்கள்.

உண்மையான ஆல்ரவுண்டர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் மெல்லிசைக் குழுக் கிடார்க்காரரைத்தான் காட்டுவேன். ஒன்பது மணிக்கு எம்.எஸ்.வி., ஒன்பதே காலுக்கு இளையராஜா, அடுத்தது ரஹ்மான். நடுவில் சாமி வந்து ஆடுகிறவருக்கு உடுக்கைப் பாட்டு. எல்லாம் ஒரே கிடார், ஒரே ஒயர். அவருக்குப் பிடித்த ஆம்ப் எது என்று யாரும் கேட்டதில்லை. மைக் செட்காரர் எந்த ஓட்டையைக் காட்டுகிறாரோ அதில் செருகுவார்.

உலகம் இப்போது அங்கேதான் வந்து நிற்கிறது. 2011-ல் ஜெர்மனியின் கெம்பர் என்கிற பெட்டி, எந்த ஆம்பின் குரலையும் பிரதியெடுத்து வைத்துக்கொண்டது. 2015-ல் லைன் 6 கம்பெனியின் ஹீலிக்ஸ், காலால் மிதிக்கிற பலகைக்குள் ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல் எல்லோரையும் குடிவைத்தது. ஸ்பீக்கர் கிடையாது. மலை ஏற்றச் சுலபம், கமிட்டி ஏகமனதாக ஒப்புக்கொண்டது. சத்தம் வர வேண்டுமென்றால் மட்டும் ஒயரைக் கொண்டுபோய் மைக் செட்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் பீடியை அணைத்துவிட்டு மிக்சரைப் பார்த்து, "எட்டுல தவுல் இருக்குதுங்க தம்பி, ஒம்பதுல குத்துங்க" என்பார்.