வண்டியே ஓடமானால்

போன மழைக்கு எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். காலையில் எட்டிப் பார்த்தால் கார் நிறுத்திய இடத்தில் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக மிதந்து போய், எதிர்வீட்டு கேட்டை ஒரு முட்டு முட்டி நின்றிருந்தது. பதினொரு வருஷத்தில் பெட்ரோல் குடிக்காமல் அது நகர்ந்தது அன்றைக்குத்தான். எதிர்வீட்டு மாமா மாடியிலிருந்து, "என்ன சார், வண்டிய நம்ம வீட்டுக்கே அனுப்பிட்டீங்க?" என்றார்.

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பார்கள். ரெண்டும் எதற்குத் தனித்தனியாக என்று நினைத்தவர் ஹான்ஸ் டிரிப்பெல் என்ற ஜெர்மானியர். அவர் வடிவமைத்த ஆம்ஃபிகார் 1961-ல் வந்தது. மாடல் பெயர் 770. சாலையில் மணிக்கு 70 மைல், தண்ணீரில் 7 நாட், அதாவது சுமார் 13 கிலோமீட்டர். நெரிசல் நேரத்தில் நம் டவுன் பஸ் அதைவிட வேகமாகப் போவதாக எனக்குத் தெரியவில்லை.

பின்னால் அடியில் இரண்டு விசிறிகள். சுக்கான் என்று தனியாகக் கிடையாது, முன்சக்கரங்கள்தான் சுக்கான். ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். இன்ஜின், டிரையம்ஃப் ஹெரால்டின் 1147 சிசி. அறுபதுகளில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இது பங்காளி முறை. ஹெரால்டில் கல்யாணத்துக்குப் போன நம் பெரியப்பாக்களுக்கு, அதன் பங்காளி ஐரோப்பாவில் நீச்சலடித்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. 1965-ல் ஆம்ஃபிகார்கள் ஆங்கிலக் கால்வாயையே கடந்திருக்கின்றன. ஆனால் குளித்து வந்தால் சேவகம் செய்ய வேண்டும்: 13 இடங்களில் கிரீஸ். வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் இல்லை.

இதைச் சரியாகப் பயன்படுத்தியவர் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஒருவர்தான் என்பேன். டெக்சாஸ் பண்ணைக்கு வரும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு, சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை என்று கத்திக்கொண்டே நேராக ஏரிக்குள் விடுவார். அலறி அடங்கிப் பார்த்தால் கார் மிதக்கும். அவருடைய உதவியாளர் ஜோசப் கலிஃபானோவும் இதில் மாட்டியவர். ஜனாதிபதியை விட்டுவிட்டுத் தன் உயிரை மட்டும் பார்த்தார் என்று அவருக்குக் கேலி வேறு.

மொத்தம் நாலாயிரத்துக்கும் குறைவாகவே செய்தார்கள். படகாகவும் சுமார், காராகவும் சுமார் என்றால் யார் வாங்குவார்கள்? அமெரிக்காவில் 1968-ல் வந்த புதிய விதிகளோடு விற்பனையும் நின்றது.

என் கதைக்கு வருகிறேன். தண்ணீர் வடிந்த மறுநாள், ஒரு நப்பாசையில் சாவியைத் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சிலிண்டருக்குள் போன தண்ணீர், காற்றைப் போல அமுங்காதாம். பிஸ்டன் போய் முட்டியதில் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. செலவு நாற்பத்தெட்டாயிரம்.

வெள்ளத்தில் நின்ற காரைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.