மூஷிக சக்கரவர்த்தியின் திருவாசல் நீதி

புளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் கொலுவீற்றிருந்து, பிள்ளைகளின் உள்ளங்களையும் பெற்றோரின் பணப்பைகளையும் ஒரே செங்கோலால் ஆண்டருளும் டிஸ்னி சமஸ்தானத்து மூஷிக சக்கரவர்த்தியின் பெருங்கருணையைப் பாட எமக்கு ஆயிரம் நா இல்லையே! ஆதிசேஷனிடம் இரவல் கேட்கலாம். எலியரசர் சந்நிதிக்குப் பாம்பை அழைத்துவருவது மரியாதையாகாது என்பதால் ஒரு நாவோடு தொடங்குகிறோம்.

வரிசையில் நெடுநேரம் நிற்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே டி.ஏ.எஸ். என்றொரு ஏற்பாடு உண்டு. வரிசை நகரும் நேரம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் வெளியே காத்திருந்துவிட்டு, மின்னல் பாதை எனும் விரைவு வழியாக ராட்டினம் ஏறலாம். இப்பேர்ப்பட்ட ராஜபோகத்தை நோயாளிகள் அனுபவிக்கக் கண்டு சமஸ்தானம் துணுக்குற்றது நியாயமே. பயன்படுத்துவோர் பெருகிவிட்டனராம், பாதை நெரிகிறதாம். 2024 மே மாதம் புளோரிடாவிலும் ஜூன் மாதம் கலிபோர்னியாவிலும் புதிய சாசனம் பிறந்தது: ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நிற்க முடியாதவர்களுக்கே இனி இந்த ஏற்பாடு.

குடல் நோய்க்காரரையும் அத்தாயுள்ளம் கைவிட்டுவிடவில்லை. அவசரம் வந்தால் வரிசையை விட்டு ஓடலாம். கழிப்பறை கண்டு மீண்டு, "மன்னியுங்கள், கொஞ்சம் வழி விடுங்கள்" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு தம் குடும்பத்தாரை அடையலாம். வீட்டாரிடமே சொல்லக் கூசும் உபாதையை முன்பின் அறியாதோர் எல்லாம் அறிந்துகொள்ளும் பாக்கியம் வேறெங்கு வாய்க்கும்?

தகுதியுடையோரைத் தேரும் முறையோ தேவரும் மெச்சத்தக்கது. காணொளி அழைப்பில் ஊழியர் கேட்க, தன் மகனால் ஏன் நிற்க முடியாது என்பதைத் தாய் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறாள்; மகனும் பக்கத்தில் இருந்து கேட்டு இன்புறலாம். தேவைப்பட்டால் வெளி நிறுவனத்து மருத்துவப் பணியாளரும் விசாரணையில் சேர்ந்து சிறப்பிப்பார். பொய் என்று முடிவானால் ஆயுளுக்கும் தடை. வாங்கிய சீட்டுக்குப் பணமும் திரும்பாது.

இக்கண்டிப்பின் பூர்விகம் அதனினும் புனிதமானது. வரிசையைத் தவிர்க்க, நாளொன்றுக்கு 1,040 டாலர் கொடுத்து மாற்றுத்திறனாளி ஒருவரை வழித்துணையாக அமர்த்திக்கொள்ளும் மன்ஹாட்டன் சீமாட்டிகளைப் பற்றி 2013 மே மாதம் நியூயார்க் போஸ்ட் எழுதியது. சமஸ்தானம் வெகுண்டெழுந்தது. குற்றம் செல்வருடையது என்பது ஐயமறத் தெரிந்ததும், அதே ஆண்டு அக்டோபரில் மாற்றுத்திறனாளிகளின் பழைய சலுகை அட்டையை ஒழித்துக்கட்டியது. தலைவலிக்காரர் இங்கிருக்க, அடுத்த வீட்டுக்காரர் நெற்றியில் பற்றுப்போடும் வைத்தியம் எல்லோருக்கும் கைவராது.

சீமாட்டிகளின் துயரையும் சக்கரவர்த்தி மறந்தாரில்லை. 1999இல் இலவசமாகப் பிறந்த ஃபாஸ்ட்பாஸ் எனும் விரைவுச் சீட்டை வீட்டுக்கு அனுப்பி, 2021இல் விரைவு வழிக்கு விலை வைத்தார். 2024 அக்டோபரில் வந்தது பிரீமியர் பாஸ்: அறிமுகத்தின்போது விலை, நுழைவுச்சீட்டு நீங்கலாக, தலைக்குக் கலிபோர்னியாவில் 400 டாலர், புளோரிடாவில் உச்ச நாளில் 449. வழித்துணை தேடி அலையும் இழிவு இனி எந்தச் சீமாட்டிக்கும் இல்லை. அரண்மனையே நேரடியாக விற்கிறது! காணொளி இல்லை, மருத்துவப் பணியாளர் இல்லை. "உங்களால் ஏன் நிற்க முடியாது?" என்று கேட்டு அவர்கள் மனத்தை நோகடிக்க ஓர் ஊழியருக்கும் துணிவில்லை. நோயாளி நுழைந்தால் நெரியும் பாதை, 449 டாலர் நுழைந்ததும் தானே அகன்று வழிவிடுகிறதே, அந்தப் பொறியியல் அற்புதத்தை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் பாடமாக வைக்கவில்லை என்பது ஒன்றே எம் மனக்குறை.