நடு போர்ஷன்

ஹார்டு டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. ஓரமாக ஒரு ஐம்பது ஜிபி லினக்ஸுக்கு ஒதுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தால், ஒன்பது ஜிபிதான் தர முடியுமாம். என் காசில் வாங்கிய டிஸ்க்கு, சும்மா கிடக்கிற இடம், எனக்கே ஒன்பது! 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிந்ததிலிருந்து உங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்திருக்கும்.

அடையாறிலிருந்து அக்கா பையன் ஃபோனில், "அஞ்சு நிமிஷ வேலை மாமா" என்றான். இப்படிச் சொல்கிறவன் எவனும் அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நேரில் வருவதில்லை. "நடுவுல நகராத ஃபைல் ஏதாவது உக்காந்திருக்கும்."

நகராத ஃபைலா? மயிலாப்பூர்க்காரனுக்கு இதை இன்ஜினியர் வந்து விளக்க வேண்டாம். மாட வீதிப் பக்கம் பழைய வீடு. முன் போர்ஷன் காலி, பின் போர்ஷன் காலி. நடு போர்ஷனில் ஒருவர், அப்பா காலத்து வாடகையில். அவர் இருக்கும்வரை இடிக்க முடியாது, பில்டரிடம் கொடுக்க முடியாது; காலி இடத்தில் கொடி கட்டித் துணி உலர்த்தலாம். கிளம்பச் சொன்னால் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சொல்வார். சிறுவழக்கு நீதிமன்றத்துக்கு நடந்தால் தேய்வது நம் செருப்பு. அந்தச் சட்டம் போய் 2019-இல் புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது, அவர் போகவில்லை.

டிஸ்க்கில் இப்படி மூன்று பேர். பேஜ்ஃபைல், ராம் போதாதபோது கை கொடுப்பேன் என்று கூடத்தைப் பிடித்தவர். ஹைபர்ஃபில், தூங்குவதற்கென்றே ராமின் அளவில் சுமார் நாற்பது சதவீதத்துக்கு டிஸ்க்கில் இடம் போட்டவர். ரெஸ்டோர் பாயிண்ட் குடியிருக்கவே இல்லை. என்றைக்காவது திரும்பி வருவேன் என்று தகரப் பெட்டிகளை அடுக்கிவிட்டுப் போனவர். ஒவ்வொருவராக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, வெளியே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். அதோடு விட்டதா? பிரித்து முடித்ததும் பேஜ்ஃபைலை மறுபடி கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். அவரில்லாமல் சிஸ்டம் மூச்சு வாங்குகிறது. எந்த வீட்டுக்காரனுக்கு இந்த அவமானம் நடந்திருக்கிறது?

இப்படி ஒரே டிஸ்க்கில் இரண்டு சிஸ்டத்தை அரசாங்கமே போட்டுக் கொடுத்ததும் உண்டு. 2011-இல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ், சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது, அதாவது நம்மூர்ச் சரக்கு. எங்கள் தெருப் பிள்ளைகள் விண்டோஸில் படம் பார்த்தார்கள்.

ஒருவழியாக இடம் கிடைத்து லினக்ஸ் இன்ஸ்டாலரைத் திறந்தால், 'டிஸ்க்கை முழுசாக அழித்துவிடட்டுமா?' என்கிறது. எத்தனை பணிவு!

"அழிச்சா என்ன, போட்டோ எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?" என்றாள் மனைவி. ரிச்சி தெருவில் அசெம்பிள் பண்ணி வாங்கிய காலத்திலிருந்து நமக்கெல்லாம் இருக்கிற நம்பிக்கை இது. சி-யில் விண்டோஸ், டி-யில் கல்யாண ஆல்பம், இ-யில் இளையராஜா. சி செத்தாலும் டி பிழைக்கும். ஐயா, அம்மா, பெரும்பாலான வீடுகளில் சி, டி, இ எல்லாம் ஒரே டிஸ்க்கு. போனால் மொத்தமும் போகும். எதைப் பிரிப்பதற்கு முன்னாலும் தனியாக ஒரு டிஸ்க் வாங்கி, ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.