1938 மாடல், சகலை!

போன ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஹாலில் ஊஞ்சலுக்கும் டிவிக்கும் நடுவே, தலைக்கு மேல் தனி விளக்குப் போட்டு ஒரு சைக்கிளை நிறுத்தியிருந்தார்.

"ராலி, சகலை. 1938 மாடல். எல்லாம் ஒரிஜினல். துரை ஊருக்குப் போகும்போது எங்க தாத்தாகிட்ட குடுத்துட்டுப் போனது."

யார் வீட்டுப் பழைய சைக்கிளும் சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும். அத்தனை தாத்தாக்களுக்கும் ஆளுக்கொரு துரை இருந்தார். அத்தனை துரைகளும் கப்பலேறும் அவசரத்திலும் சைக்கிளை மறக்காமல் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஃபிரேம் நம்பரை வைத்து ஒரு சைக்கிளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் பின்சக்கர ஹப்பைப் பற்றி ஒரு வார்த்தை.

மூன்று கியர் வைத்த ராலியில் பின் ஹப் பெரும்பாலும் ஸ்டர்மி ஆர்ச்சர்தான். அதன் வயிற்றில் 'ஏடபிள்யூ' என்று குத்தியிருக்கும். பக்கத்திலேயே இரண்டு இலக்கம். 52 என்றால் 1952. அதை அடுத்து 8 நின்றால் ஆகஸ்ட். கேட்காமலே தன் வயதைச் சொல்கிற ஜென்மம் உலகத்தில் இது ஒன்றுதான். ஆனால் லேசில் சொல்லாது. எண்ணெயும் புழுதியும் சேர்ந்த பிசுக்கு அதன்மேல் ஏறியிருக்கும். மண்ணெண்ணெய்த் துணி வேண்டும். போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே இரண்டு விரல்தான் நுழையும். எண்ணெய் விடுகிற சின்ன மூடி நகத்தைப் பதம் பார்க்கும். டார்ச்சை நேராக அடித்தால் வெறும் பளபளப்பு. சாய்த்து அடித்தால்தான் எழுத்து எழும்பும். எழும்பினாலும் அது 3ஆ 8ஆ, 5ஆ 6ஆ என்று பஞ்சாயத்து. மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும், சக்கரத்தை அரை விரற்கடை நகர்த்த வேண்டும். நான் இத்தனையையும் பட்டு வேட்டியோடு, ஹோமப் புகையில், தரையில் குப்புறப் படுத்துச் செய்தேன். மொய் எழுத வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். என் மனைவி யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள்.

58 4. அதாவது 1958 ஏப்ரல்.

"துரை 1958 வரைக்கும் இங்க என்ன பண்ணிட்டிருந்தாரு சகலை?" என்றேன்.

"ஹப் மட்டும் பின்னாடி மாத்தியிருப்பாங்க சகலை" என்றார், கண்கூட இமைக்காமல்.

எரிச்சலே இதுதான். அவர் சொன்னது நியாயம். ஹப் சொல்வது ஹப்பின் வயதைத்தான். அதை வைத்து சைக்கிளுக்கு வயது சொல்வது மருமகளின் ஜாதகத்தைப் பார்த்து மாமியாருக்கு வயது சொல்கிற வேலை. ஆனால் அதே ஹப் 1938 என்று சொல்லியிருந்தால் இந்த நியாயம் அவர் வாயில் வந்திருக்குமா? லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருப்பார்.

மற்ற பாகங்களையும் பார்த்தேன். ராலி என்றால் செயின்வீலில் கொக்குத் தலை இருக்கும். இதில் மூன்று துப்பாக்கி நின்றது. அது பிஎஸ்ஏவின் முத்திரை. அந்த சைக்கிள் வியாபாரத்தை ராலியே 1957இல் வாங்கிவிட்ட சங்கதி சகலைக்குத் தெரியாதது என் அதிர்ஷ்டம். மட்கார்டு அம்பத்தூர் ஹெர்குலிஸ். அந்த டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி பிறந்ததே 1949இல். கிராங்க்கைக் கழற்றி மரையை எண்ணினால் இன்னொரு சாட்சி கிடைக்கும்: பழைய ராலிக்கு அங்குலத்துக்கு 26 மரை, பொதுவாக மற்றவர்களுக்கு 24. ஸ்பேனர் கேட்டேன். புது வீட்டில் முதன்முதலாக என்னை முறைத்தது மாமியார்தான்.

சரி, ஃபிரேம் நம்பர். சீட்டுக்குக் கீழே இருந்திருக்க வேண்டும். ஓவராயில் செய்த மெக்கானிக் அந்த இடத்தைத் தேய்த்து, பட்டி வைத்து, மூன்று கோட் கறுப்பு அடித்துவிட்டார். கையால் இழுத்த தங்கக் கோடு போய், பளிச்சென்று ஸ்டிக்கர் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் வருஷா வருஷம் வரி கட்டி மாட்டிய முனிசிபாலிட்டி வில்லை எங்கே என்று போனில் கேட்டதற்கு, "தகரம் ரெண்டு தொங்குச்சு சார், அறுத்துப் போட்டுட்டேன்" என்றார். வருஷம் போட்டிருந்த ஒரே உள்ளூர் சாட்சி அதுதான். ஆக, ஃபிரேம் நம்பரைப் பற்றிச் சொல்ல இனி என்னிடம் ஒன்றுமில்லை.

வீட்டில் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும் முன் நம்பர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிப் போடும் தகரத்தையும் ஆணியையும் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் வையுங்கள். அது முடியாதென்றால் வருஷம் எதுவும் சொல்லாமல், "பழைய சைக்கிள்" என்று மட்டும் சொல்லுங்கள். யாரும் குனிந்து பார்க்க மாட்டோம்.