சித்தப்பா மகன் இருக்கும் ஊர்

செங்கல்பட்டில் எங்கள் தெருப் பையன் வெளிநாட்டில் எங்கே படிப்பது என்று குடும்பமே கூடி யோசித்தது. என்ன பாடம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. "டொரண்டோவுல சித்தப்பா மகன் இருக்கான்" என்றார் மாமா. பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

கனடா கேட்கும் கையிருப்பு 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆனதைச் சொன்னேன், அதுவும் கல்விக் கட்டணம் போக. பையனின் அப்பா எழுந்து மனைப் பத்திரம் தேடப் போனார்.

"ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாதே?"

"இலவசம்னா தரம் இருக்காதுப்பா" என்றார் அத்தை, ரேஷன் அரிசி இட்லிக்குச் சட்னி ஊற்றியபடி.

வெளிநாடே எதற்கு, மாமல்லபுரத்தில் 1957இலிருந்தே சிற்பக் கல்லூரி இருக்கிறது என்று இழுத்தேன்.

"அங்க வெள்ளைக்காரன் வரட்டும். இவன் அவன் ஊருக்குப் போகட்டும். கணக்கு சரியாப் போச்சு" என்றார் மாமா.